ஷாலோம் சொன்ன பிறகு என்ன? அன்றாட ஹீப்ரு பேச ஒரு வழிகாட்டி

இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலைக்கோ, கட்டுமான வேலைக்கோ, ரெஹோவோத், ஹைஃபா, ஜெருசலேம் பக்கம் ஆராய்ச்சிப் படிப்புக்கோ போகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: ஷாலோம். போய் இறங்கி அதைச் சொல்லவும் செய்கிறார்கள். எதிரில் இருப்பவர் சிரித்தபடி "ஷாலோம், மா நிஷ்மா?" என்று திருப்பிக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

காரணம் எளிது. கைபேசிச் செயலிகளும் சொற்பட்டியல்களும் நாம் சொல்லவேண்டியதை மட்டுமே கற்றுத்தருகின்றன. ஹீப்ருவில் (தமிழ் வேதாகமத்தின் எபிரேயம் இதுதான்) வாழ்த்துகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர் சொல்லவேண்டிய பதில் வழக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாழ்த்தையும் அதன் பதிலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். இலக்கணம் அப்புறம் வரட்டும்.

முதலில் ஒலி

எழுத்தைப் பிறகு பார்க்கலாம், வாயை முதலில் பழக்குவோம். ஹீப்ருவில் தொண்டையின் அடியிலிருந்து உரசிக்கொண்டு வரும் ஒரு ஒலி உண்டு. உருது பேசுகிறவர்கள் 'கான்' என்ற பெயரைச் சொல்லும்போது முதலெழுத்தில் கேட்குமே, அதே ஒலிதான். இங்கே அதை 'ஃக' என்று எழுதுகிறேன். 'ஸ்லிஃகா' என்று பார்த்தால் நடுவில் அந்த உரசல் வரவேண்டும். வராவிட்டால் 'ஹ' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். 'க' என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள், சொல்லே மாறிவிடும்.

'ட்ஸ' என்று எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும். 'மஸல்', 'ஸெ' ஆகிய சொற்களில் உள்ள ஸ, ஆங்கில இசட்டின் ஒலி. 'பெவக்கஷா', 'போக்கெர்', 'பாரூஃக்' போன்றவற்றில் முதல் பகரம் 'பந்து', 'பாக்கி' என்பதில் வருவதுபோல மென்மையானது. நம் 'ட' போல நாக்கைப் பின்னால் மடிக்கும் ஒலி ஹீப்ருவில் இல்லை, அதனால் நன்றி சொல்லும்போது 'டோடா' என்பதைவிட 'தோதா' என்பதே நெருக்கம். ரகரத்தை அவர்கள் தொண்டையில் சொல்வார்கள். நாம் நம் ரகரத்தையே சொன்னால் போதும், அதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அழுத்தம். பெரும்பாலான ஹீப்ருச் சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் விழும். ஷா-லோம் என்பதில் லோம், தோ-தா என்பதில் தா, பெவக்க-ஷா என்பதில் ஷா. தமிழ் வாய் தன் பழக்கத்தில் முதல் அசையைத் தூக்கும். ஒலி சரியாக இருந்து அழுத்தம் மாறினாலும் கேட்பவர் ஒரு கணம் முழிப்பார். விதிவிலக்குகளும் உண்டு: போக்கெர், எரெவ், லைலா ஆகியவை முதல் அசையில் அழுந்தும்.

முதல் வாரத்துக்கான ஜோடிகள்

காலையில் 'போக்கெர் தோவ்' என்பார்கள். பதிலுக்கு அதையே சொல்லலாம், ஆனால் வழக்கமான பதில் 'போக்கெர் ஓர்'. ஒளி நிறைந்த காலை என்று பொருள். இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மலரும். மாலையில் 'எரெவ் தோவ்', இரவு விடைபெறும்போது 'லைலா தோவ்'. இவை இரண்டுக்கும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

'மா நிஷ்மா?' என்றால் 'என்ன சேதி, எப்படி இருக்கிறாய்?' இதற்கு உங்கள் உடல்நிலையை விவரிக்க வேண்டியதில்லை. 'ஹக்கோல் பெஸேதெர்' என்றால் எல்லாம் நலம். சமய நம்பிக்கை உள்ளவர்களிடம் இன்னும் பொருத்தமான பதில் 'பாரூஃக் ஹஷேம்', அதாவது கடவுள் புண்ணியத்தில் நலம். பிறகு கட்டாயம் 'மா இத்ஃகா?' (ஆணிடம்) அல்லது 'மா இதாஃக்?' (பெண்ணிடம்) என்று திருப்பிக் கேளுங்கள். 'உங்களுக்கு எப்படி' என்ற அந்தச் சின்னக் கேள்வி இல்லாவிட்டால் உரையாடல் பாதியில் வெட்டுப்பட்டதுபோல இருக்கும்.

நன்றிக்கு 'தோதா', மிக்க நன்றிக்கு 'தோதா ரபா'. பதில் 'பெவக்கஷா'. இந்தச் சொல்லை முதல் நாளே உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது மூன்று வேலை செய்கிறது: தயவுசெய்து, பரவாயில்லை, இந்தாருங்கள். கடைக்காரர் பையை நீட்டும்போதும் பெவக்கஷா, நீங்கள் தண்ணீர் கேட்கும்போதும் பெவக்கஷா. இதைத் தவிர 'ஏன் பெஆத் மா' என்றும் சொல்வார்கள், 'இதற்கெல்லாம் நன்றி எதற்கு' என்கிற தொனி.

'ஸ்லிஃகா' மன்னிப்புக்கும் ஆகும், வழிகேட்டு ஒருவரை நிறுத்தவும் ஆகும், பேருந்தில் நெரிசலில் இறங்கவும் ஆகும்.

வீட்டுக்குள் நுழையும்போது 'பாரூஃக் ஹபா' (வருகிற ஆணுக்கு), 'ப்ரூஃகா ஹபாஆ' (பெண்ணுக்கு), பலராக வந்தால் 'ப்ரூஃகீம் ஹபாஈம்' என்று வரவேற்பார்கள். நம் 'வாங்க வாங்க'வுக்கு நிகர். விமான நிலையத்திலும் இந்தப் பன்மை வடிவத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பதில் தெரியாமல் தோதா என்று சொல்லிவிட்டால் தவறில்லை. 'பாரூஃக் ஹனிம்ட்ஸா' என்று சொல்லத் தெரிந்தால் நன்றாக இருக்கும். ஏற்கெனவே இங்கே இருப்பவருக்கும் ஆசி உண்டாகட்டும் என்பது கருத்து. அதேபோல 'ஷாலோம் அலேஃகெம்' என்று ஒருவர் வாழ்த்தினால் சொற்களைத் திருப்பிப் போட்டு 'அலேஃகெம் ஷாலோம்' என்று பதில் சொல்வது மரபு. அரபு பேசும் முஸ்லிம்களின் சலாமும் பதிலும் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

விடைபெற 'லெஹித்ராஓத்'. ஆனால் தெருவில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் 'யல்லா, பை'. யல்லா அரபியிலிருந்து வந்தது, 'சரி, கிளம்பலாம்' என்ற பொருளில் எல்லாரும் சொல்வார்கள். 'ஸபாபா' (சூப்பர், சரி) என்பதும் அங்கிருந்து வந்ததுதான். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மேலதிகாரியிடம் முதல் சந்திப்பில் வேண்டாம்.

அப்புறம் ஒரு கைச்சைகை. ஐந்து விரல்களையும் நுனியில் குவித்து மேல்நோக்கிக் காட்டினால் 'ரெகா', ஒரு நிமிடம் பொறு என்று அர்த்தம். பேருந்து ஓட்டுநர், வங்கி ஊழியர், சாலையைக் கடக்கும் பாட்டி என எல்லாரும் காட்டுவார்கள். கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆணா பெண்ணா என்பதைப் பார்த்துப் பேசுங்கள்

தமிழருக்கு ஹீப்ருவில் கடினமான இடம் இதுதான், இங்கே நிதானமாக நிற்கவேண்டும். தமிழில் 'நீ வா' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 'நான் சாப்பிடுகிறேன்' என்பதை யார் சொன்னாலும் மாறாது. ஹீப்ருவில் பேசுபவர், கேட்பவர் இருவருடைய பாலும் சொல்லைத் தொடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவேண்டும். தாத்தாவிடம் 'அத்தா ரோட்ஸே மாயிம்?' பாட்டியிடம் 'அத் ரோட்ஸா மாயிம்?' மாயிம் என்றால் தண்ணீர், அது மாறாது. 'நீ' மாறுகிறது, 'வேண்டும்' மாறுகிறது. இனி நீங்களே 'எனக்கு வேண்டும்' என்று சொல்லும்போது, நீங்கள் ஆணானால் 'அனி ரோட்ஸே', பெண்ணானால் 'அனி ரோட்ஸா'. 'நான்' என்பதற்கு அனி என்பது பொது. பெண்கள் இதைக் கவனிக்கவேண்டும்: ஆண் குரலில் பதிவுசெய்த பாடத்தைக் கேட்டு அப்படியே பழகிவிட்டால் நாள் முழுக்க ஆணைப்போல் பேசிக்கொண்டிருப்பீர்கள். முதல் நாளிலிருந்தே உங்களுக்குரிய வடிவத்தை மட்டும் பழகுங்கள்.

நலம் விசாரிப்பதிலும் அப்படித்தான். ஆணிடம் 'மா ஷ்லோம்ஃகா?', பெண்ணிடம் 'மா ஷ்லோமெஃக்?'. குழப்பமாக இருந்தால் 'மா நிஷ்மா'வில் தங்கிவிடுங்கள், அது இருவருக்கும் பொது. 'உங்களுக்கும்' என்று பதில் வாழ்த்து சொல்ல ஆணிடம் 'கம் லெஃகா', பெண்ணிடம் 'கம் லாஃக்' ('கம்பீரம்' என்பதில் வரும் க). இந்த இரண்டையும் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், பதில் தெரியாத எந்த வாழ்த்துக்கும் தப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கடமும் நமக்கு உண்டு. அன்றாட ஹீப்ருவில் 'நீங்கள்' என்ற மரியாதைப் பன்மை கிடையாது. எண்பத்தைந்து வயதுப் பெரியவரையும் பேராசிரியரையும் அத்தா என்றுதான் சொல்லவேண்டும், பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். நமக்கு நாக்கு எழாது. அங்கே அது அவமரியாதை ஆகாது என்பதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மரியாதையைக் குரலிலும் காத்திருப்பிலும் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களை 'ஸபா' (தாத்தா), 'ஸவ்தா' (பாட்டி) என்று கூப்பிட அவர்களே விரும்புவதும் உண்டு. முதல் நாளே 'எப்படிக் கூப்பிடட்டும்' என்று குடும்பத்தாரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 'இது வீடு' என்று தமிழில் வினைச்சொல் இல்லாமல் முடிப்பதுபோலவே ஹீப்ருவிலும் 'ஸெ பாயித்' என்று முடித்துவிடலாம். 'அனி மெஹோது' என்றால் நான் இந்தியாவிலிருந்து. இதைச் சொன்னதும் கோவா, ஹம்பி, தர்மசாலா என்று அவர் ஊர்ப் பெயர்களாகச் சொல்ல ஆரம்பிக்கக்கூடும். ராணுவச் சேவை முடித்த இளைஞர்கள் முதுகுப்பையோடு இந்தியா வருவது அங்கே பெரிய வழக்கம். கூடவே ஒன்று: பல்பொருள் கடையில் இறைச்சிப் பொட்டலத்தில் 'ஹோது' என்று எழுதியிருந்தால் அது வான்கோழி.

காதில் தமிழாகக் கேட்டுக் குழப்பும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். 'போ' என்று மென்மையான பகரத்தோடு ஓர் ஆணிடம் சொன்னால் 'வா' என்று பொருள், பெண்ணிடம் 'போயி'. அழுத்தமான பகரத்தோடு 'போ' என்றால் 'இங்கே'. எதுவுமே 'போ' அல்ல. ஆங்கிலமாகக் கேட்டுக் குழப்புபவையும் உண்டு: 'ஹி' என்றால் அவள், 'ஹூ' என்றால் அவன், 'மி' என்றால் யார்.

கடை, சாப்பாடு, பேருந்து

ஜெருசலேமின் மஹனே யெஹூதா சந்தையிலும் டெல் அவீவின் கார்மெல் சந்தையிலும் காய்கறி வாங்கப் போனால் இந்த ஒரு வாக்கியம் போதும்: 'கமா ஸெ ஓலே?' இது என்ன விலை. பதில் எண்ணில் வரும். அஃகத், ஷ்தாயிம், ஷலோஷ், அர்பா, ஃகமேஷ், ஷேஷ், ஷேவா, ஷ்மோனே, தேஷா, எஸெர் என்று பத்துவரை பழகுங்கள், பிறகு எஸ்ரீம் (20), ஃகமிஷீம் (50), மேஆ (100). எண்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, பத்துவரை இங்கே தந்தவை பெண்பால். இலக்கணப்படி ஷெகெலுக்கு (இஸ்ரேலின் பணம்) ஆண்பால் எண் வரவேண்டும். சந்தையில் வியாபாரிகளே 'எஸெர் ஷெகெல்' என்று கூவுகிறார்கள், ஆகவே இந்த ஒரு வரிசை போதும்.

உணவு விஷயத்தில் நம்மவர்களுக்கு உதவுபவை: 'அனி ட்ஸிம்ஃகோனி' (நான் சைவம், ஆண்), 'அனி ட்ஸிம்ஃகோனித்' (பெண்), 'ப்லி பஸார்' (இறைச்சி இல்லாமல்), 'ஃகரீஃப்' (காரம்). காரம் வேண்டுமென்று 'ஃகரீஃப், பெவக்கஷா' என்று கேட்டு வாங்குங்கள். சாப்பிட உட்காரும்போது 'பெதெஆவோன்' என்பார்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். பதில் 'தோதா, கம் லெஃகா' அல்லது 'கம் லாஃக்'. கோப்பையை உயர்த்தினால் 'லெஃகாயிம்', வாழ்வுக்காக.

கோஷர் என்ற யூத உணவு முறைப்படி நடக்கும் வீட்டுச் சமையலறையில் நுழைவதற்கு முன் மூன்று சொற்கள் தெரிந்தே ஆகவேண்டும்: பஸரி (இறைச்சி சார்ந்தது), ஃகலவி (பால் சார்ந்தது), பர்வே (இரண்டும் இல்லாதது, காய்கறி, முட்டை, மீன் போன்றவை). பஸரிப் பாத்திரத்தில் தயிர் ஊற்றினால் அந்தப் பாத்திரத்தை அவர்கள் மறுபடி பயன்படுத்த முடியாமல் போகலாம். எந்தக் கரண்டியைத் தொடுவதானாலும் முதல் சில நாட்கள் 'பஸரி? ஃகலவி?' என்று கேட்டுக்கொண்டே இருங்கள். யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்பதைத்தான் விரும்புவார்கள்.

கழிப்பறை எங்கே என்பதற்கு 'ஏஃபோ ஹஷெருத்தீம்?' புரியாதபோது 'அனி லோ மெவீன்' (ஆண்), 'அனி லோ மெவினா' (பெண்). மெதுவாகச் சொல்லுங்கள் என்பதற்கு 'யோத்தெர் லெஆத், பெவக்கஷா'.

வாரத்தின் நடை

ஹீப்ருவில் கிழமைகளுக்குத் தனிப் பெயர் கிடையாது, எண்தான். ஞாயிறு யோம் ரிஷோன், முதல் நாள். பிறகு ஷெனி, ஷ்லிஷி, ரெவிஈ, ஃகமிஷி, ஷிஷி. ஏழாவது மட்டும் பெயருடையது: ஷபாத், யூதர்களின் ஓய்வுநாள். வேலை வாரம் ஞாயிறன்று தொடங்கும். 'யோம் ஷெனி வா' என்றால் திங்கள். நம் மனக்கணக்கில் இரண்டாம் நாள் செவ்வாய் என்று நினைத்துக்கொண்டு மருத்துவர் நேரத்தைத் தவறவிட வாய்ப்புண்டு, கவனம்.

ஷபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனி இரவு வானில் மூன்று விண்மீன்கள் தெரியும்போது முடியும். வியாழன் மாலையிலிருந்தே 'ஷபாத் ஷாலோம்' காதில் விழத் தொடங்கும். வெள்ளியன்று கடைக்காரர், ஓட்டுநர், மாடிப்படியில் எதிரே வருபவர் என எல்லாரும் சொல்வார்கள். பதிலும் அதுவே, ஷபாத் ஷாலோம். சமயப்பற்று உள்ளவரும் சொல்வார், இல்லாதவரும் சொல்வார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய குடும்பங்களில் யித்திஷ் மொழியில் 'குத் ஷபெஸ்' என்று கேட்கலாம், அதையே திருப்பிச் சொல்லுங்கள்.

சனி இரவு ஷபாத் முடிந்ததும் வாழ்த்து மாறிவிடும்: 'ஷவூஆ தோவ்', நல்ல வாரமாக அமையட்டும். ஞாயிறு காலை அலுவலகத்திலும் இதையே சொல்லலாம். என்னைக் கேட்டால், புதிதாக வந்தவருக்கு மிகப் பலன் தரும் வாழ்த்து இதுதான். ஷபாத் ஷாலோம் எல்லா வெளிநாட்டுக்காரரும் கற்றுக்கொள்கிறார்கள். சரியான நேரத்தில் ஷவூஆ தோவ் சொல்பவர் இந்த ஊரின் வாரத்தோடு சேர்ந்து வாழ்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஷபாத் கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் தொலைபேசியைத் தொடமாட்டார்கள், விளக்குப் பொத்தானையும் அழுத்தமாட்டார்கள். வாழ்த்துச் செய்தி அனுப்புவதானால் வெள்ளி மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான ஊர்களில் ஷபாத் நேரத்தில் பேருந்தும் ஓடாது.

இன்னொரு வழக்கம்: மரபைக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் ஆண்களும் பெண்களும் எதிர்பாலரைக் கைகுலுக்கமாட்டார்கள். நீங்களாகக் கையை நீட்டாதீர்கள். அவர் நீட்டினால் குலுக்கலாம். சந்தேகம் இருந்தால் நம் கைகூப்பும் வணக்கம் அங்கே மிக அழகாகப் பொருந்துகிறது. இந்தியா போய்வந்தவர்கள் பலர் இருப்பதால் அதை உடனே புரிந்துகொள்கிறார்கள்.

பண்டிகைகளும் நினைவு நாட்களும்

எந்தப் பண்டிகைக்கும் பொதுவான வாழ்த்து 'ஃகாக் ஸமேயாஃக்', மகிழ்ச்சியான பண்டிகை. பதில் அதுவே அல்லது கம் லெஃகா, கம் லாஃக். ஆனால் சில நாட்களுக்குத் தனி வாழ்த்து உண்டு.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் புத்தாண்டு ரோஷ் ஹஷனா. ஆப்பிளைத் தேனில் தொட்டு உண்டு 'ஷனா தோவா உமெத்துக்கா' என்பார்கள், நல்ல இனிய ஆண்டு. சுருக்கமாக 'ஷனா தோவா'. பத்தாம் நாள் வருவது யோம் கிப்பூர், ஏறக்குறைய 25 மணி நேரம் நீர்கூட இல்லாத நோன்பு. புத்தாண்டில் ஒவ்வொருவருக்குமான தீர்ப்பை இறைவன் ஏட்டில் எழுதி, யோம் கிப்பூரில் முத்திரையிடுகிறான் என்பது நம்பிக்கை. அதனால்தான் இடைப்பட்ட நாட்களின் வாழ்த்து 'க்மார் ஃகத்திமா தோவா', முத்திரை நல்லதாக விழட்டும். நோன்பு இருப்பவரிடம் 'ட்ஸோம் கல்' என்று சொல்லலாம், நோன்பு எளிதாகக் கழியட்டும். அன்று ஃகாக் ஸமேயாஃக் சொல்லாமல் இருப்பதே நல்லது, அது கொண்டாட்ட நாள் அல்ல.

வசந்தத்தில் வரும் பெஸஃக், தமிழ் வேதாகமத்தில் பஸ்கா. வாழ்த்து 'ஃகாக் கஷேர் வெஸமேயாஃக்'. இந்த ஒரு வாரம் புளித்த மாவுப்பண்டம் எதுவும் வீட்டுக்குள் கூடாது. நமக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை: ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாஸி மரபில் பெஸஃகின்போது அரிசியும் பருப்பும்கூட உண்பதில்லை. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வழிவந்த குடும்பங்கள் பல உண்பார்கள். வேலைசெய்யும் வீட்டில் சோறு வடிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பெஸஃக், சுக்கோத் (தமிழ் வேதாகமத்தில் கூடாரப்பண்டிகை) இரண்டும் பல நாட்கள் நீள்பவை. நடுநாட்களில் 'மோஅதீம் லெஸிம்ஃகா' என்று வாழ்த்துவார்கள். இதற்குப் பதில் 'ஃககீம் உஸ்மனீம் லெஸஸோன்'. நீளமானதுதான், ஆனால் தெரிந்து சொன்னால் முதியவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெஸஃகுக்குப் பிறகு யோம் ஹஷோஆ, நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களின் நினைவு நாள். காலை 10 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் சைரன் ஒலிக்கும். சாலையில் வண்டிகள் நிற்கும், ஓட்டுநர்கள் இறங்கி நிற்பார்கள். நீங்களும் செய்கிற வேலையை விட்டு எழுந்து அசையாமல் நில்லுங்கள். அடுத்த வாரம் போரில் இறந்தவர்களின் நினைவு நாள், யோம் ஹஸிகரோன். முதல் நாள் இரவு 8 மணிக்கு ஒரு நிமிடமும் மறுநாள் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடமும் சைரன். இந்த நாட்களில் பண்டிகை வாழ்த்து எதுவும் கூடாது. யோம் ஹஸிகரோன் முடியும் அதே மாலையில் சுதந்திர தினம் தொடங்கிவிடும், அப்போது 'ஃகாக் அட்ஸ்மாஉத் ஸமேயாஃக்' சொல்லலாம். பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் இந்த வாரத்தில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். நீங்கள் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஐரோப்பிய முகாமிலிருந்து தப்பிவந்தவராகவே இருக்கலாம். அன்று அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

வாழ்வின் நல்லதும் கெட்டதும்

'மஸல் தோவ்' உலகம் அறிந்தது. நடந்துமுடிந்த நல்ல காரியத்துக்கு அதைச் சொல்லவேண்டும்: திருமணம், குழந்தை பிறப்பு, புது வேலை கிடைத்தது. திருமணத்தில் மணமகன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைத்ததும் கூட்டம் முழுவதும் மஸல் தோவ் என்று முழங்கும். தேர்வு எழுதப்போகிறவரிடம் அதைச் சொல்லாதீர்கள், அங்கே 'பெஹட்ஸ்லஃகா' (வெற்றி கிட்டட்டும்). ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தால் 'பெஷாஆ தோவா', நல்ல நேரத்தில் நடக்கட்டும். பிறக்கும் முன் மஸல் தோவ் சொல்வதைப் பலர் தவிர்ப்பார்கள். நம் வீடுகளிலும் பிரசவத்துக்கு முன் அதிகம் பேசவேண்டாம் என்பார்களே, அதே எண்ணம்தான்.

புது உடை, புதுக் கைபேசி, முடிவெட்டிக்கொண்ட தலை என எதைக் கண்டாலும் ஆணிடம் 'தித்ஃகதேஷ்', பெண்ணிடம் 'தித்ஃகத்ஷி'. பதில் தோதா. பிறந்தநாளுக்கு 'யோம் ஹுலேதெத் ஸமேயாஃக்'. முதியவரானால் கூடவே 'அத் மேஆ வெஎஸ்ரீம்', நூற்றிருபது வயதுவரை வாழ்க. மோசே 120 வயது வாழ்ந்தார் என்ற வேதாகமச் செய்தியிலிருந்து வந்த வாழ்த்து இது. தும்மினால் 'லப்ரியூத்', உடல்நலமில்லாதவருக்கு 'ரெஃபுஆ ஷ்லேமா', முழு நலம் பெறட்டும். நன்றாகச் செய்தாய் என்று பாராட்ட 'கோல் ஹக்கவோத்'.

இறப்பு நேர்ந்த வீட்டில் ஏழு நாட்கள் ஷிவா இருப்பார்கள். கதவு திறந்தே இருக்கும், தாழ்வான இருக்கையில் குடும்பத்தார் அமர்ந்திருப்பார்கள். உள்ளே போகும்போது ஷாலோம் சொல்வதில்லை. அமைதியாக உட்காருங்கள், துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசட்டும். குடும்பத்தாரிடம் சொல்ல, ஆணானால் 'அனி மிஷ்தத்தேஃப் பெட்ஸாஅர்ஃகெம்', பெண்ணானால் 'அனி மிஷ்தத்தேஃபெத் பெட்ஸாஅர்ஃகெம்': உங்கள் துயரில் பங்கெடுக்கிறேன். மரபான ஆறுதல் மொழி 'ஹமக்கோம் யெநஃகேம் எத்ஃகெம்' என்று தொடங்கும், இறைவன் உங்களைத் தேற்றட்டும். விடைபெறும்போது அதைச் சொல்வது வழக்கம். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது பெயருக்குப் பின் 'ஸிஃக்ரோனோ லிவ்ராஃகா' (ஆண்), 'ஸிஃக்ரோனா லிவ்ராஃகா' (பெண்) என்று சேர்ப்பார்கள்.

அவசரத்துக்கு

இவற்றைத் தாளில் எழுதி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். 'ஹட்ஸீலு!' என்றால் காப்பாற்றுங்கள். ஆம்புலன்ஸ் 101, காவல்துறை 100, தீயணைப்பு 102. 'ஏஃபோ கோஏவ்?' எங்கே வலிக்கிறது. 'கோஏவ் லெஃகா?' (ஆணிடம்), 'கோஏவ் லாஃக்?' (பெண்ணிடம்) வலிக்கிறதா. 'ரோஃபே' மருத்துவர், 'அஃகோத்' செவிலி (அக்கா, தங்கைக்கும் இதே சொல்), 'கதூர்' மாத்திரை, 'பேத் ஃகோலீம்' மருத்துவமனை.

'அஸ்அக்கா' என்று கத்தினால் எச்சரிக்கைச் சைரன். 'மமாத்' வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை, 'மிக்லாத்' பொதுப் பாதுகாப்பு மறைவிடம். வீட்டுக்கு வந்த முதல் நாளே 'ஏஃபோ ஹமமாத்?' என்று கேட்டு, பெரியவரை அங்கே கொண்டுபோக எவ்வளவு நேரமாகிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். ராணுவத்தின் உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரிவின் உதவி எண் 104.

எழுத்தும் பள்ளியும்

பேச்சு சற்று பிடிபட்ட பிறகு எழுத்துக்கு வாருங்கள். 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக. ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். அன்றாட எழுத்தில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் போடமாட்டார்கள், குழந்தைப் புத்தகங்களிலும் பிரார்த்தனை நூல்களிலும் கவிதைகளிலும்தான் இருக்கும். ஆகவே ஒரு சொல்லைக் காதால் தெரிந்துகொண்ட பிறகு கண்ணால் படிப்பதே எளிது. பேச்சை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எண்களை மட்டும் நம்மைப்போல இடமிருந்து எழுதுகிறார்கள். தெருப்பலகையும் பேருந்து முகப்பும் உங்கள் முதல் பாடநூலாக இருக்கட்டும். பெரும்பாலான பலகைகளில் ஹீப்ரு, அரபி, ஆங்கிலம் மூன்றும் இருப்பதால் விடையும் பக்கத்திலேயே இருக்கும்.

முறையாகக் கற்க 'உல்பான்' என்ற மொழிப்பள்ளிகள் உண்டு. நாடு உருவான மறுவருடம், 1949-இல், உலகெங்குமிருந்து வந்து குவிந்தவர்களுக்காக ஜெருசலேமில் முதல் உல்பான் தொடங்கியது. முதல் வகுப்பின் பெயர் ஆலெஃப். அங்கே முதல் நாளிலிருந்தே ஹீப்ருவில்தான் பேசுவார்கள். பல்கலைக்கழகங்களிலும் உல்பான் வகுப்புகள் இருக்கின்றன, ஆராய்ச்சி மாணவர்கள் சேரலாம். பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு வகுப்புக்குப் போக நேரம் கிடைப்பது கடினம். ஆனால் நாள் முழுக்கப் பேசத் துணை இருக்கிறது. வானொலியைப் போட்டுவைத்து, விளங்காத ஒரு சொல்லை 'மா ஸெ?' (இது என்ன?) என்று கேளுங்கள். பல முதியவர்களும் ஒருகாலத்தில் இதே மொழியைப் புதிதாகக் கற்றவர்கள்தான். வேறு நாட்டிலிருந்து வந்து இறங்கி, தடுமாறிப் பேசி, பழகியவர்கள். உங்கள் தடுமாற்றத்தை அவர்கள் அளவு பொறுமையோடு கேட்பவர் கிடைப்பது அரிது.

நீங்கள் ஹீப்ருவில் தொடங்கியதும் பலர் உதவுவதாக எண்ணி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். விடாதீர்கள். ஆணானால் 'அனி லோமேத் இவ்ரித்', பெண்ணானால் 'அனி லோமேதெத் இவ்ரித்': நான் ஹீப்ரு கற்கிறேன். அதோடு 'ரக் இவ்ரித், பெவக்கஷா', ஹீப்ரு மட்டும், தயவுசெய்து. அதன் பிறகு அவர்கள் நீங்கள் பேசப்பேச நடுவில் புகுந்து, முகத்துக்கு நேராகவே திருத்துவார்கள். திருத்தியதை ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள், தோதா சொல்லுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.